கண்ணாடி ஏன் கண்ணைக் கூசவைக்கிறது, நானோ கம்பி அதை எப்படித் தடுக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்தில் மாடிக்கு மாடி சோலார் பேனல் மாட்டிக் கொடுப்பது என் தொழில். அதற்கு முன்னால் எம்.எஸ்சி. இயற்பியல் படித்த காலத்தில், சிலிக்கான் தகட்டில் நானோ கம்பி உண்டாக்கிப் பார்ப்பதுதான் என் புராஜெக்ட். இந்த இரண்டும் சேர்ந்ததால் ஒரு வகைக் கேள்விகள் எல்லாம் என்னிடமே வந்து சேர்கின்றன. பேனல் போட்டவர்கள், போடப் போகிறவர்கள், அவர்கள் வீட்டில் கல்லூரி படிக்கிற பிள்ளைகள் என்று பலரும் கேட்டதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். வரிசை ஒன்றும் கிடையாது.

அண்ணாச்சி, கண்ணாடி வழியாக ஒளி போகத்தானே செய்கிறது? அப்புறம் ஏன் திரும்பி வருகிறது?

நயினார்குளத்தில் மடைச் சுவர் பக்கம் நின்று ஒரு கல்லைப் போட்டுப் பாருங்கள். வட்ட வட்டமாகப் போகிற அலை சுவரில் முட்டி உங்களிடமே திரும்பி வரும். அதே அலை, கரை சரிவாக இறங்கிக் கோரை முளைத்துக் கிடக்கும் பக்கம் போனால் திரும்புவதில்லை. எங்கே போனது என்றே தெரியாது.

ஒளியும் அலைதான். காற்றில் ஒரு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, கண்ணாடிக்குள் நுழைந்ததும் சட்டென்று வேகம் குறைகிறது. அந்த ‘சட்டென்று’தான் சிக்கல். மாற்றம் திடீரென்று இருக்கும் இடத்தில் அலையின் ஒரு பங்கு பின்னால் திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பது இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்ணுக்கு (ஒளியின் வேகம் எத்தனை மடங்கு குறைகிறது என்ற அளவுக்கு) இடையே உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. காற்றுக்கு 1, சாதாரணக் கண்ணாடிக்கு 1.5. நேராக விழும் ஒளியில் 4% திரும்பும். ஜன்னல் கண்ணாடிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு பரப்பு இருப்பதால் கிட்டத்தட்ட 8%.

சிலிக்கானின் கதை இன்னும் மோசம். அதன் எண் 4-ஐ ஒட்டி வரும். மெருகேற்றிய சிலிக்கான் தகட்டில் விழும் ஒளியில் 35% வரை திரும்பி ஓடிவிடும். ஆய்வுக்கூடத்தில் அதைக் கையில் எடுத்தால் முகம் பார்க்கலாம், தலை வாரலாம். சூரிய ஒளியைப் பிடிக்க வேண்டிய பொருள் இப்படி முகம் காட்டினால் நமக்கு என்ன லாபம்?

அந்த 4% எல்லா நேரமும் 4% தானா?

இல்லை. ஒளி சாய்ந்து விழ விழக் கூடும். பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்ந்தால் 9% அளவுக்குப் போகும். 80 டிகிரிக்கு ஏறக்குறைய 39%. காலை ஏழு மணிக்கு நம் ஊர் மாடியில் விழும் வெயில் கிட்டத்தட்ட அப்படித்தான் படுத்து வருகிறது.

திருநெல்வேலி இருப்பது 8.7 டிகிரி வடக்கில். சித்திரை பிறக்கும் வாக்கிலும், அப்புறம் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. அதனால்தான் இங்கே பேனலை 10 டிகிரி போலச் சாய்த்தால் போதும் என்கிறோம். நண்பகலில் எதிரொளிப்பு ஒரு பெரிய தொல்லையே இல்லை. இழப்பெல்லாம் காலையிலும் மாலையிலும்தான்.

நானோ கம்பி என்றால் உண்மையிலேயே கம்பியா?

கம்பிதான். ஆனால் ரொம்பச் சின்னது. தலைமுடி ஒன்றின் தடிமன் 70,000, 80,000 நானோமீட்டர் இருக்கும். இந்தக் கம்பியின் தடிமன் 50, 100, 200 நானோமீட்டர். நீளம் சில நூறு நானோமீட்டரிலிருந்து சில ஆயிரம் வரை. ஒரு பரப்பின்மேல் நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக, நேராக நின்றுகொண்டிருக்கும். கண்ணுக்கு ஒரு கம்பிகூடத் தெரியாது. மொத்தமாகப் பார்த்தால் பரப்பு கறுத்தோ, மங்கியோ, அல்லது அங்கே கண்ணாடியே இல்லாதது போலவோ தெரியும்.

அது எப்படி ஒளியைத் திரும்பவிடாமல் செய்கிறது?

மறுபடியும் குளத்தங்கரைக்கே வாருங்கள். கோரையின் நுனியில் பார்த்தால் பெரும்பாலும் காற்று, அங்கங்கே ஒரு தாள். கீழே போகப் போகத் தாள் தடித்து நெருங்கும். வேர்ப் பக்கம் காற்றுக்கு இடமே இருக்காது. நானோ கம்பிகளையும் நுனி கூர்மையாக, அடி தடிமனாக நிறுத்தினால் இதே கதைதான். உச்சியில் 90% காற்றும் 10% பொருளும். பாதியில் பாதிக்குப் பாதி. அடியில் முழுக்கப் பொருள்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. கம்பிகளுக்கு இடையிலான தூரம் அதைவிடச் சின்னதாக இருந்தால், ஒளியால் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகப் பிரித்து உணர முடியாது. சராசரியாக ஒரே பொருள் மாதிரிதான் அதற்குப் படும். ஆக, ஒளிவிலகல் எண் 1-இல் தொடங்கி 1.1, 1.2 என்று மெல்ல ஏறிக் கடைசியில் கண்ணாடியின் 1.5-ஐயோ சிலிக்கானின் 4-ஐயோ தொடும். ‘சட்டென்று’ மாறும் இடம் எங்கேயும் கிடையாது. முட்டுவதற்குச் சுவர் இல்லாத அலை உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

கோரை உவமையில் ஒரு ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். கோரைக்குள் போன அலை அங்கேயே சக்தி இழந்து செத்துவிடும். நானோ கம்பிக்குள் போன ஒளி சாகக் கூடாது. அது அடியில் இருக்கும் பொருளுக்குள் முழுசாகப் போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தானே இவ்வளவு பாடும்.

படிப்படியாக மாறினால் எதிரொளிப்பு குறையும் என்ற கணக்கை இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபு 1880-லேயே போட்டுவிட்டார். அவ்வளவு சின்னதாகச் செய்யக் கருவி கிடைக்கத்தான் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆயிற்று.

என் பவர் கண்ணாடியில் ‘ஏ.ஆர். கோட்டிங்’ (எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு) இருக்கிறது. அதுவும் இதேதானா?

நோக்கம் ஒன்று, வழி வேறு. உங்கள் மூக்குக்கண்ணாடியில் இருப்பது மெல்லிய படலங்கள். படலத்தின் மேல்பரப்பில் ஒரு பங்கு ஒளி திரும்புகிறது, கீழ்ப்பரப்பில் ஒரு பங்கு திரும்புகிறது. படலத்தின் தடிமன் அலைநீளத்தில் கால்பங்காக இருந்தால், இந்த இரண்டும் ஒன்றின் மேட்டில் மற்றதன் பள்ளம் விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பழைய லென்ஸ்களில் மக்னீசியம் ஃபுளோரைடு என்ற உப்பை 100 நானோமீட்டர் அளவுக்குப் பூசினார்கள். 4% இருந்தது ஒன்றேகால் சொச்சமாக இறங்கியது. ஜெர்மனியில் ஸ்மாகுலா என்ற இயற்பியலாளர் இதை 1935-இல் செய்தார்.

குறை என்னவென்றால், கால்பங்கு என்பது ஏதாவது ஒரு நிறத்துக்குத்தான் சரியாக வரும். பச்சைக்குச் சரி என்றால் நீலமும் சிவப்பும் கொஞ்சம் தப்பிவிடும். சாய்ந்து பார்த்தால் கணக்கே மாறிவிடும். இன்றைய மூக்குக்கண்ணாடியில் நாலைந்து படலம் அடுக்கிச் சமாளிக்கிறார்கள். ஆனாலும் டியூப்லைட்டுக்குக் கீழே அதைத் திருப்பிப் பாருங்கள், பச்சையாக ஒரு மினுமினுப்பு தெரியும். இந்த அடுக்கில் தப்பித்து வந்த நிறம் அது. கம்பிப் பூச்சில் இந்தத் தொல்லை குறைவு. படிப்படியான மாற்றத்துக்கு எந்த நிறம், எந்தக் கோணம் என்பதெல்லாம் அவ்வளவாகப் பொருட்டில்லை.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

மனுஷர் யாரும் இல்லை, விட்டில் பூச்சி. இரவில் பறக்கிற பூச்சிக்குக் கிடைக்கிற ஒளியே கொஞ்சம், அதில் கண்ணே ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினால் கட்டாது. கண் பளபளத்தால் எதிரி கண்டுபிடித்துவிடும், அது வேறு. அதன் கண் பரப்பில் 200 நானோமீட்டர் அளவில் நெருக்க நெருக்கமாகச் சின்னச் சின்ன முகடுகள் இருப்பதை 1960-களில் ஸ்வீடன் நாட்டு பெர்ன்ஹார்ட் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். 1973-இல் இங்கிலாந்தில் கிளாஃபமும் ஹட்லியும் அதே மாதிரிப் பரப்பைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள்.

நம் பக்கத்திலேயே பார்க்க வேண்டுமானால் பாபநாசம் மலைக்குப் போகலாம். சிள்வண்டு கத்தி ஓய்ந்த பிறகு மரத்தடியில் சிறகுகள் உதிர்ந்து கிடக்கும். ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தால் நரம்பு மட்டும் கோடு கோடாகத் தெரியும், நடுவில் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளைப் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். தாள் பளிச்சென்று மின்னும், சிறகு மின்னாது. பல வகைச் சிள்வண்டுகளின் சிறகில் இதே மாதிரி நானோ தூண்கள் உண்டு. எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது பாடப்புத்தகத்தில் அல்ல, இந்தச் சிறகில்தான்.

கம்பியை எப்படிச் செய்கிறார்கள்? யார் உட்கார்ந்து நடுவது?

மூன்று வழி சொல்கிறேன்.

ஒன்று, வளர்ப்பது. தகட்டின்மேல் தங்கத் துளிகளைத் தூவிச் சூடேற்றுவார்கள். தங்கமும் சிலிக்கானும் சேர்ந்தால் 363 டிகிரியிலேயே உருகிவிடும். தனித்தனியாக இரண்டுக்கும் ஆயிரத்துக்கு மேல் வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் இது ஆச்சரியம்தான். மேலே சிலிக்கான் கலந்த வாயுவை விட்டால் துளி அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். வயிறு நிறைந்ததும் மிச்சத்தை அடியில் கக்கும். அந்த மிச்சம் கம்பியாக எழும்பும், துளி அதன் தலையில் உட்கார்ந்தபடியே மேலே போகும். பெல் ஆய்வகத்தில் வாக்னரும் எல்லிஸும் 1964-இல் விளக்கிய முறை இது. நெதர்லாந்தின் அமோல்ஃப் ஆய்வு நிலையத்தார் 2009 வாக்கில் காலியம் ஃபாஸ்ஃபைடு என்ற குறைகடத்தியில் கம்பிகளை அடி தடித்து நுனி மெலியும்படி வளர்த்து, அகலமான நிறப்பரப்புக்கும் பல கோணங்களுக்கும் எதிரொளிப்பு குறைவதைக் காட்டினார்கள்.

இரண்டாவது, அரிப்பது. இதில் கம்பி வளர்வதில்லை, சுற்றியுள்ளதைத் தோண்டி எடுத்துக் கம்பியை மிச்சம் வைப்பது. சிலிக்கான் தகட்டை வெள்ளி நைட்ரேட்டும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் போட்டால், வெள்ளித் துகள்கள் ஒட்டிய இடத்தில் மட்டும் அரிப்பு நடந்து துகள் கீழே கீழே இறங்கும். நான் செய்தது இந்த வழியில்தான். முகம் பார்க்கலாம் என்று சொன்ன அதே தகடு கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி, பிறகு விளக்குக் கரி படிந்த சுவர் மாதிரிக் கறுத்துவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வழிகாட்டி எட்டிப் பார்த்து, “ஏல, இதுக்குத்தான இவ்ளோ நாளா கெடக்கோம்” என்றார்.

மூன்றாவது, சாய்வாகப் படியவைப்பது. வெற்றிட அறையில் ஆவியைத் தகட்டின்மேல் நேராக விடாமல் சாய்த்து விடுவார்கள். சாரல் அடிக்கும்போது சுவரின் ஒரு பக்கம் மட்டும் நனையுமே, அது போல, முதலில் ஒட்டிய குறுணைகள் தமக்குப் பின்னால் ‘மறைவு’ உண்டாக்கிவிடும். மறைவில் ஒன்றும் படியாது. ஏற்கெனவே உயர்ந்தது மேலும் உயர்ந்து சாய்ந்த குச்சிகளாக நிற்கும். அமெரிக்காவின் ரென்சிலர் கல்லூரியில் ஷூபர்ட் குழுவினர் 2007-இல் இந்த வழியில் 1.05 என்ற ஒளிவிலகல் எண் உள்ள படலத்தைச் செய்தார்கள். கிட்டத்தட்டக் காற்றுதான், ஆனால் திடப்பொருள்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

அமில வழியை வேண்டவே வேண்டாம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் உள்ளே இறங்கி எலும்பின் கால்சியத்தையே பிடிக்கும். கல்லூரியில்கூட அதற்கென்று தனிக் கையுறை, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, ஆவியை வெளியேற்றும் கூண்டு, கூடவே பழகிய ஆள் எல்லாம் இருந்தால்தான்.

இதுதான் வான்டாபிளாக் என்கிற கறுப்பா?

உறவுக்காரர், ஆனால் குணம் வேறு. பிரிட்டனில் 2014-இல் வெளிவந்த அந்தக் கறுப்பு, நெட்டுக்குத்தாக நிற்கும் கார்பன் குழாய்க் காடு. உள்ளே போன ஒளியைத் தானே விழுங்கி, 99.965% வரை வெளியே விடாது. விண்ணில் போகிற தொலைநோக்கியின் உட்சுவரில் வேண்டாத ஒளியைக் கொல்ல அது சரி. பேனலுக்கும் லென்ஸுக்கும் அது உதவாது. அங்கே பூச்சு ஒளியை விழுங்கக் கூடாது, வழிவிட வேண்டும். விழுங்குகிறவன் வேறு, வாசலில் நின்று உள்ளே அனுப்புகிறவன் வேறு.

இப்போது நான் வாங்கும் பேனலில் நானோ கம்பி இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் அதன் உறவுக்காரர்கள் மூன்று பேர் உண்டு.

மேலே இருக்கும் 3.2 மில்லிமீட்டர் கண்ணாடியில், நுண்ணிய துளைகள் உள்ள சிலிக்கா படலம் 100, 150 நானோமீட்டர் தடிமனில் பூசியிருக்கும். துளைக்குள் காற்று இருப்பதால் எண் குறைகிறது. இதனால் 2 முதல் 3% வரை கூடுதல் ஒளி உள்ளே போகும். கண்ணாடிக்குக் கீழே, சிலிக்கான் செல்லின்மேல் 75, 80 நானோமீட்டருக்கு சிலிக்கான் நைட்ரைடு பூச்சு உண்டு. செல் நீலமாகத் தெரிகிறதே, அது இதனால்தான். அதற்கும் கீழே செல்லின் பரப்பையே காரக் கரைசலில் அரித்துச் சின்னச் சின்னப் பிரமிடுகளாக்கி வைத்திருப்பார்கள். ஒரு பிரமிடின் சரிவில் பட்டுத் திரும்பிய ஒளி பக்கத்துப் பிரமிடில் மறுபடி விழும். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் குழுமத்தின் சோலார் ஆலை வந்த பிறகு நம் பிள்ளைகள் பலர் இந்த மாதிரி வேலைக்குள் போயிருக்கிறார்கள். ‘டெக்ஸ்சரிங்’ என்று வீட்டில் வந்து சொன்னால், அது இந்தப் பிரமிடு வேலை.

அசல் நானோ அரிப்பு ஆலைக்குள் வந்த ஒரு காலமும் உண்டு. பல்படிகச் சிலிக்கானை (பல சிறு படிகங்கள் சேர்ந்த வகை) வைரம் பதித்த கம்பியால் அறுக்கத் தொடங்கியபோது தகடு ரொம்ப வழவழப்பாகிவிட்டது, பழைய அமில முறையில் சொரசொரப்பு ஏறவில்லை. அப்போது சீன ஆலைகள் நான் மேலே சொன்ன வெள்ளி அரிப்பைக் கையில் எடுத்தன. ‘கறுப்புச் சிலிக்கான்’ என்ற பெயரில் விற்றார்கள். அப்புறம் ஒற்றைப்படிகச் செல் மலிந்து, பல்படிகமே சந்தையிலிருந்து போய்விட்டது. அதோடு இதுவும் ஒதுங்கியது. நல்ல சரக்கு, பிறந்த நேரம் சரியில்லை.

கறுப்பாக இருந்தால் மின்சாரம் கூடத்தானே வேண்டும்? ஏன் எல்லாரும் செய்வதில்லை?

ஒளி உள்ளே போவது வேறு, மின்சாரமாக வெளியே வருவது வேறு. கம்பி கம்பியாக ஆக்கினால் பரப்பளவு பல மடங்கு கூடும். பரப்பு என்பது எலக்ட்ரான் தொலைந்து போகும் இடம். ஒளியில் சம்பாதித்ததைப் பரப்பில் தொலைத்த கதையாகத்தான் பல வருஷம் ஓடியது. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஹெலே சாவின் குழுவினர் 2015-இல் இதற்கு வழி கண்டார்கள். அணு அணுவாக அலுமினிய ஆக்சைடைப் படியவைத்துப் பரப்பை மூடினார்கள், மின் இணைப்புகளைச் செல்லின் பின்பக்கம் கொண்டுபோனார்கள். கறுப்புச் சிலிக்கான் செல் 22.1% திறன் காட்டியது, அதாவது விழுந்த ஒளிச் சக்தியில் அவ்வளவு மின்சாரமானது.

கம்பியே செல்லாகவும் இருக்கலாம் என்பது வேறொரு பாதை. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் 2013-இல் இண்டியம் ஃபாஸ்ஃபைடு கம்பிகளால் 13.8% திறன் எடுத்தார்கள். பரப்பில் 12% இடத்தில்தான் கம்பி நின்றது, மிச்சமெல்லாம் வெறும் இடம். எட்டில் ஒரு பங்கு பயிர் வைத்து முக்கால் வயல் விளைச்சலுக்கு மேலே எடுத்த மாதிரி.

‘நானோ ஸ்ப்ரே அடித்தால் 20% கூடுதல் யூனிட்’ என்று ஒருவர் வீட்டுக்கு வந்து சொல்கிறார். அடிக்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன் என்றாலும் தப்பில்லை.

கணக்குப் பாருங்கள். பூச்சே இல்லாத பேனல் கண்ணாடியில் முன்பக்கம் திரும்புவது 4%. பின்பக்கம் செல்லோடு ஒட்டும் பசை கண்ணாடியின் எண்ணையே ஒட்டி இருப்பதால் அங்கே இழப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆக, நண்பகலில் மொத்தமாகவே போவது 4%. உலகத்திலேயே சிறந்த பூச்சைப் பூசி எதிரொளிப்பைச் சுத்தமாக நிறுத்தினாலும் 4-க்கு மேல் எங்கிருந்து வரும்? பையில் 4 ரூபாய் ஓட்டை வழியே விழுகிறது, ஓட்டையைத் தைத்தால் 20 ரூபாய் வரும் என்கிறார்கள். அதிலும் உங்கள் பேனலில் ஏற்கெனவே படலம் இருந்தால் மிச்சம் இருப்பது ஒன்றோ ஒன்றரையோதான்.

நானும் ஏமாந்தவன்தான், சொல்வதில் என்ன வெட்கம். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு வியாபாரியிடம் நாலு பாட்டில் வாங்கி, மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில் அடித்தேன். அடித்த அன்று கண்ணாடி பளபளவென்று அழகாக இருந்தது. பளபளப்புதான் எதிரொளிப்பு என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை! ஒரு வாரத்தில் திட்டுத் திட்டாக வானவில் படிந்தது. துளைச் சிலிக்காவின் துளைகளை அந்த எண்ணெய்ச் சரக்கு அடைத்துவிட்டது. வீட்டுக்காரர் பெரிய மனுஷர், “சரி தம்பி, பழகுற பேனல்னு வச்சிக்கிடுவோம்” என்று விட்டுவிட்டார்.

அப்படியானால் நம் பக்கம் உண்மையான இழப்பு எது?

தூசி. ராதாபுரம், நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் காற்றாலை சுற்றுகிற சுற்றைப் பார்த்திருப்பீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் மழை, நமக்கு வெறும் காற்று. அந்தக் காற்று தேரிச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து பேனலில் அப்பும். விடியற்காலைப் பனி அதை நனைக்கும், வெயில் காயவைக்கும். நாலு நாளில் சிமெண்ட் பூசினது போல ஆகிவிடும். போர் தண்ணீரில் கழுவி அப்படியே விட்டால் உப்புக் கறை வேறு. 3 கிலோவாட் போட்ட வீட்டில் ஒரு நாளைக்கு 12 யூனிட் வரும் என்று வையுங்கள். 2% பூச்சால் கிடைப்பது கால் யூனிட். செம்மண் அப்பிய பேனலைக் கழுவிய மறுநாள் மீட்டரில் ஏறுவது அதைவிடக் கண்கூடாகத் தெரியும்.

நானோ கம்பிப் பரப்பில் தூசி ஒட்டாது, தண்ணீர் சேம்பிலைமேல் மாதிரி உருண்டு ஓடும் என்கிறார்களே?

நீரை விரட்டும் மேல்பூச்சும் சேர்ந்தால் உருளும், உண்மைதான். உருண்டு ஓடத் தண்ணீர் வேண்டுமே! ஆடியில் ராதாபுரத்தில் அதற்கு எங்கே போவது?

இன்னொன்று, கம்பிகள் நெட்டையாக இருந்தால் நனைந்து காயும்போது ஈரத்தலைமுடி மாதிரி நாலைந்து சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் பெரிய இடைவெளி விழும். இடைவெளி அலைநீளத்தைத் தாண்டினால் ஒளி சிதறத் தொடங்கும். அதோடு, நம் வீடுகளில் பேனல் துடைப்பது எதை வைத்து? தேங்காய் நார், பழைய சேலை, சில வீட்டில் துடைப்பம். அதற்குக் கம்பி தாங்காது. என் முடிவு இதுதான்: துடைக்க வேண்டிய பரப்பில் நானோ கம்பி வேண்டாம். யாரும் தொடாத, மூடிய இடத்தில் அதற்கு நிகரில்லை.

அந்த மாதிரி மூடிய இடத்தில் யாராவது விற்கிறார்களா?

கேமரா லென்ஸ் ஓர் உதாரணம். கேனன் கம்பெனி 2008-இல் ஒரு 24 மில்லிமீட்டர் லென்ஸில், ஒளியின் அலைநீளத்தைவிடச் சின்னதான ஆப்பு மாதிரி அமைப்புகளைக் கொண்ட பூச்சைக் கொண்டுவந்தது. கல்யாண வீட்டில் ஃபோகஸ் லைட்டைப் பார்த்துப் படம் எடுத்தால் வெள்ளை வெள்ளையாக ‘பேய்’ விழுமே, அதைக் குறைக்கத்தான். முன்பக்கம் துடைக்கிற பரப்பில் அல்ல, உள்ளே இருக்கும் பரப்பில்.

எல்.இ.டி. விளக்கிலும் இந்த யோசனை பயன்படும், ஆனால் தலைகீழாக. அங்கே ஒளி பொருளுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவிக்கும். வாசலைச் சரிவாக்கினால் வெளியே வருவதும் எளிதுதானே.

பேனல் போட்ட பிறகு எதிர்வீட்டுக்காரர் கண் கூசுகிறது என்று சண்டைக்கு வருகிறார். என்ன செய்ய?

நண்பகலில் கூசாது, காலையிலோ மாலையிலோ ஒரு அரைமணி நேரம்தான் கூசும். அவர் சொல்வது பொய்யில்லை. ஒளி சாய்ந்து விழும்போது 30, 40% வரை திரும்பும் என்று மேலே பார்த்தோமே. பேனல் வாங்கும்போதே பரப்பில் நுண்சொரசொரப்பு உள்ள கண்ணாடியாகக் கேட்டு வாங்குங்கள். திரும்பும் ஒளி ஒரே கற்றையாக அவர் ஜன்னலுக்குள் போகாமல் நாலாபக்கமும் கலைந்துவிடும். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால், சாய்வை மூன்று நாலு டிகிரி மாற்றினாலே கற்றை வேறு பக்கம் போய்விடும். அது ஒரு ஸ்பானர் வேலை.

உடைந்தால் நானோ கம்பி மூச்சில் போய்விடுமா?

பரப்போடு ஒட்டி நிற்கும் வரை காற்றில் பறக்காது. அறுக்கவோ தேய்க்கவோ செய்தால் துகள் கிளம்பும், அப்போது முகமூடி வேண்டும். சாதாரணப் பேனல் உடைந்தாலும் கையுறை இல்லாமல் அள்ளாதீர்கள், அதில் மின்சாரமும் இருக்கும்.

என் பேனலில் பூச்சு இருக்கிறதா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

இருட்டிய பிறகு மொபைல் டார்ச்சோடு மாடிக்குப் போங்கள். பக்கத்தில் ஒரு சாதாரண ஜன்னல் கண்ணாடித் துண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் டார்ச்சின் பிம்பத்தைப் பாருங்கள். ஜன்னல் துண்டில் அது வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். பூச்சுள்ள பேனலில் மங்கலாக, கொஞ்சம் நீலமோ கத்தரிப்பூ நிறமோ கலந்து தெரியும். விரலால் ஓரத்தில் லேசாகத் தொட்டால் ரேகை நன்றாகப் பதியும். துளைக்குள் கைப்பிசுக்கு போய்விட்டது என்று அர்த்தம். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

என் பழைய சிலிக்கான் தகடு ஒன்று இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது. கறுத்த பரப்பின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு தழும்பு, வெளிச்சத்தில் திருப்பினால் மின்னும். வழிகாட்டி ‘தொடாதே’ என்று சொல்லி முடிப்பதற்குள் நான் தொட்டுப் பார்த்த இடம் அது.